சொந்த லாரி, இரவல் உரிமை

அமெரிக்காவில் ஒருத்தர் லாரி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கனரக வாகனம் ஓட்டும் லைசென்ஸ் இருக்கிறது. எட்டு வருஷம் சம்பளத்துக்கு ஓட்டிச் சேர்த்த பணத்தில், இந்தியானா மாநிலத்தில் ஒரு பழைய ஃப்ரெய்ட்லைனரைப் பார்த்து, பேரம் பேசி, பணத்தைக் கொடுத்து, உரிமைப் பத்திரத்தில் கையெழுத்தும் வாங்கியாயிற்று. வீடு ஜார்ஜியாவில். அங்கே ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனம், "வண்டியோட வாங்க, சேர்த்துக்கிறோம்" என்று சொல்லியிருக்கிறது. ஒப்பந்தம் அடுத்த வாரம்தான். வண்டி இந்தியானாவில் நிற்கிறது, சாவி இவர் சட்டைப்பையில் இருக்கிறது.

இப்போது அவர் அந்த வண்டியை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகலாமா?

இதெல்லாம் ஒரு கேள்வியா என்றுதான் முதலில் தோன்றும். என் வண்டி, என் லைசென்ஸ், என் காசில் போட்ட டீசல். யாரைக் கேட்கணும்?

நான் பல வருஷங்களாக லாரி இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதும் வேலையில் இருக்கிறேன். அங்கே ஒரு விண்ணப்பப் படிவத்தில் "எந்தக் கேரியரோடு ஒப்பந்தம்?" என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. கார் வாங்குகிறவரை யாரும் இப்படிக் கேட்பதில்லை. லாரிக்காரரை மட்டும் ஏன் "நீ யாருடைய ஆள்?" என்று கேட்கிறார்கள்? வேலை நேரத்தில் தோன்றிய இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து வாசித்ததில் நூறு வருஷ வரலாறு ஒன்று கிடைத்தது. அந்தப் பயணத்தின் ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு பிறந்த தேதி இருக்கிறது.

முதலில் சில வார்த்தைகள். கேரியர் என்றதும் நமக்கு டிபன் கேரியர் ஞாபகம் வரும். அமெரிக்க லாரித் தொழிலில் கேரியர் என்றால் பிறர் சரக்கைக் கூலிக்கு ஏற்றிச் செல்ல அரசிடம் உரிமை பெற்ற நிறுவனம். அந்த உரிமையை ஓட்டுநர்கள் 'அத்தாரிட்டி' என்பார்கள். நம்மூர் ஓனர் கம் டிரைவரை அங்கே 'ஓனர் ஆபரேட்டர்' என்கிறார்கள். லாரி இரண்டு துண்டு: எஞ்சினும் கேபினும் சேர்ந்த தலை, பின்னால் மாட்டும் டிரெய்லர். டிரெய்லர் இல்லாமல் தலை மட்டும் ஓடினால் அதற்கு 'பாப்டெய்ல்' என்று பெயர். வால் வெட்டிய குதிரை மாதிரி. நம் கதாநாயகர் இந்தியானாவில் வாங்கியிருப்பது அந்த மொட்டைவாலைத்தான்.

*

1920களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சாலையில் லாரி ஓட்ட ஒரு லாரியும் கொஞ்சம் துணிச்சலும் போதும். முதல் உலகப் போர் முடிந்து ராணுவ லாரிகள் மலிவாகக் கிடைத்தன. விவசாயி மகன் ஒருவன் கடனில் ஒன்றை வாங்கி, பக்கத்து ஊர் சந்தைக்கு மூட்டை ஏற்றினால் அன்றே தொழில் ஆரம்பமாகிவிடும். இதனால் எரிச்சலடைந்தது ரயில் கம்பெனிகள். தண்டவாளத்தைத் தாங்களே போட்டு, தாங்களே பராமரித்து, கட்டணத்துக்கு அரசிடம் ஒப்புதலும் வாங்க வேண்டிய நிலையில் அவர்கள் இருந்தார்கள். லாரிக்காரனோ பொதுச் சாலையில் இஷ்டப்பட்ட விலைக்கு ஓட்டினான்.

மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சட்டம் கொண்டுவந்தன. கூலிக்கு வண்டி ஓட்டணும் என்றால் ஒரு சான்றிதழ் வேண்டும். பொதுமக்களுக்கு உன் சேவை தேவைதான் என்று நீ நிரூபிக்க வேண்டும். இங்கேதான் முதல் முடிச்சு விழுந்தது.

வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த பக் என்பவர் சீட்டிலுக்கும் ஓரிகனில் இருக்கும் போர்ட்லாந்துக்கும் இடையே பயணிகளையும் பொதிகளையும் ஏற்றிச் செல்லும் மோட்டார் வண்டி விட நினைத்தார். ஓரிகன் அனுமதி கொடுத்தது. வாஷிங்டன் மறுத்தது. அந்தத் தடத்தில் ஏற்கெனவே ரயிலும் மற்ற வண்டிகளும் இருக்கின்றன, நீ வேண்டாம் என்பதுதான் காரணம். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1925இல் நீதிபதி லூயி பிராண்டைஸ் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: சாலையை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று மாநிலம் விதி போடலாம், வேகம், எடை, பிரேக் எல்லாவற்றையும் கேட்கலாம். ஆனால் போட்டியைத் தடுப்பதற்காக, மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தில் யார் ஓட்டலாம் என்று பொறுக்கி எடுக்க அதற்கு அதிகாரம் இல்லை.

இந்த 'எப்படி', 'யார்' என்ற இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டால் மீதி வரலாறு முழுக்க விளங்கிவிடும் என்பது என் எண்ணம்.

அடுத்த ஆண்டே இன்னொரு வழக்கு. கலிஃபோர்னியாவில் ரெட்லாண்ட்ஸ் ஆரஞ்சு விவசாயிகளுக்காக மட்டும் ஒப்பந்தத்தில் பழம் ஏற்றிக்கொண்டிருந்தது ஃப்ராஸ்ட் என்ற சிறு லாரி நிறுவனம். நீயும் பொதுக் கேரியருக்கான சான்றிதழ் வாங்கு என்றது மாநிலம். ஒரு தனிப்பட்ட ஒப்பந்தக்காரரை, சாலையைப் பயன்படுத்தும் சலுகைக்கு விலையாகப் பொதுக் கேரியராக மாற்ற முடியாது என்று 1926இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, மாநில எல்லையைத் தாண்டும் லாரியை 'யார்' என்று கேட்கும் அதிகாரம் மாநிலத்துக்கு இல்லை என்றாகிவிட்டது. அப்போது யாருக்கு இருக்கிறது? காங்கிரஸுக்கு மட்டும்தான். காங்கிரஸோ பத்து வருஷம் சும்மா இருந்தது.

*

பெருமந்தம் வந்தது. வேலையிழந்தவர்கள் கடைசிச் சேமிப்பில் லாரி வாங்கினார்கள். ஏற்றச் சரக்கு இல்லை, ஏற்ற ஆள் மட்டும் ஏராளம். எரிபொருளுக்கும் டயருக்கும் கட்டாத கூலிக்குக்கூட ஓட்டினார்கள். தூக்கத்தில் ஓட்டி விபத்தில் செத்தார்கள். ரயில் கம்பெனிகளுக்கு இது பிடிக்கவில்லை. 1933இல் உருவான அமெரிக்க லாரி நிறுவனங்களின் சங்கம் முதலில் தயங்கி, பிறகு கட்டுப்பாடு நமக்கும் நல்லதுதான் என்று கணக்குப் போட்டது. கூட்டாட்சிப் போக்குவரத்து ஒருங்கிணைப்பாளராக இருந்த ஜோசப் ஈஸ்ட்மன் இந்தக் குழப்பத்துக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்று நம்பிய நேர்மையான அதிகாரி. 1935 ஆகஸ்ட் 9 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் மோட்டார் கேரியர் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

அந்தக் கையெழுத்தோடு 'யார்' என்ற கேள்வி வாஷிங்டன் நகருக்குப் போனது. ரயில்வேயைக் கண்காணித்து வந்த மாநிலங்களிடை வணிக ஆணையமே இனி லாரிகளையும் கண்காணிக்கும். பொதுக் கேரியர்களில் 1935 ஜூன் 1 அன்று உண்மையாகவே தொழிலில் இருந்தவர்களுக்குப் பழைய உரிமை தொடரும். அதற்குப் பின் வருகிறவர் தன் சேவை பொதுமக்களுக்குத் தேவை என்று நிரூபிக்க வேண்டும். ஏற்கெனவே உரிமை வைத்திருப்பவர்கள் வந்து ஆட்சேபம் தெரிவிக்கலாம். தெரிவித்தார்கள், தவறாமல்.

சான்றிதழில் எந்தச் சரக்கு, எந்த ஊர், எந்தச் சாலை என்றெல்லாம் எழுதியிருக்கும். போகும்போது ஏற்றலாம், திரும்பும்போது ஏற்றக் கூடாது என்ற நிலையில் பலர் இருந்தார்கள். நூற்றுக்கணக்கான மைல் காலியாகத் திரும்பினார்கள். நம்மூர் லாரிக்காரர்கள் 'எம்ப்டி' என்று சலித்துக்கொள்வார்களே, அந்த எம்ப்டி இங்கே அரசாணைப்படி நடந்தது. சில வருஷங்களில் அந்தச் சான்றிதழ்களே வாங்கி விற்கும் சொத்தாகிவிட்டன. ஒரு நிறுவனத்தின் லாரிகளைவிட அதன் காகிதம் மதிப்பு மிக்கதாக இருந்தது.

அப்படியென்றால் சான்றிதழ் இல்லாத, லாரி மட்டும் இருக்கிற மனிதன் என்ன செய்வான்? இரண்டு வாசல்கள் திறந்திருந்தன.

ஒன்று, விவசாய விலக்கு. கிராமப்புற உறுப்பினர்களின் ஆதரவு இல்லாமல் சட்டம் நிறைவேறாது என்பதால், கால்நடை, மீன், பதப்படுத்தாத விளைபொருள் ஆகியவற்றை ஏற்றும் வண்டிக்குச் சான்றிதழ் வேண்டாம் என்று எழுதிவைத்தார்கள். உடனே எது விளைபொருள் என்று சண்டை ஆரம்பித்தது. உயிருள்ள கோழி விளைபொருள், சரி. அறுத்துச் சுத்தம் செய்து உறைய வைத்த கோழி? ஆணையம் இல்லை என்றது. 1956இல் உச்ச நீதிமன்றம் அதுவும் விளைபொருள்தான் என்றது. அந்த ஒரு தீர்ப்பால் எத்தனையோ சொந்த வண்டிக்காரர்கள் சட்டப்படி சாலைக்கு வந்தார்கள்.

இரண்டாவது வாசல்தான் நம் கதைக்கு முக்கியம். லாரி வைத்திருப்பவன், சான்றிதழ் வைத்திருக்கும் கேரியரிடம் தன் வண்டியை லீஸுக்கு விடுவான். வண்டியோடு தானும் ஓட்டுநராகப் போவான். கதவில் கேரியரின் பெயர், கேரியரின் எண். டீசலும் டயரும் ரிப்பேரும் இவன் செலவு. சரக்குக் கூலியில் ஒரு பங்கு இவனுக்கு. உரிமையை இரவல் வாங்கி ஓட்டுவது என்று இதைச் சொல்லலாம்.

பெரிய கேரியர்கள் இதை வசதியாகப் பயன்படுத்தின. ஒரே ஒரு ட்ரிப்புக்கு லீஸ் என்று எழுதி, ஆள் யார், வண்டி எப்படி என்றுகூடப் பார்க்காமல் அனுப்பிவைத்தார்கள். விபத்து நடந்தால் "வண்டி அவனுது" என்று கையை விரித்தார்கள். இதைத் தடுக்க 1951இல் ஆணையம் விதிகள் கொண்டுவந்தது. லீஸ் எழுத்தில் இருக்க வேண்டும், குறைந்தது 30 நாள் இருக்க வேண்டும், அந்தக் காலத்தில் வண்டியின் முழுக் கட்டுப்பாடும் கேரியரிடம் இருக்க வேண்டும். லாரி நிறுவனங்களின் சங்கம் வழக்குப் போட்டது. 1953இல் உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் நின்றது. காய்கறி ஏற்றிப் போய்த் திரும்பும்போது ஒரு ட்ரிப் லீஸில் சரக்கு ஏற்றிவந்த விவசாய வண்டிக்காரர்கள் இந்த 30 நாள் விதியால் அடிபட்டார்கள். அவர்களுக்காக 1956இல் காங்கிரஸ் தனியாக விலக்கு கொடுத்தது.

எனக்கு இதில் வியப்பாக இருப்பது, நல்ல நோக்கத்தில் பிறந்த அந்தக் 'கட்டுப்பாடு' என்ற சொல். சாலையில் அடிபடும் அப்பாவிக்கு நஷ்டஈடு கொடுக்க வசதியுள்ள ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், ஆகவே கட்டுப்பாடு கேரியரிடம் இருக்கட்டும் என்றார்கள். நியாயம்தான். ஆனால் அதன் மறுபக்கம், கடன் கட்டுகிறவனிடம் அவன் வண்டியின் கட்டுப்பாடு இல்லாமல் போனது. சொத்து அவனுடையது, அதிகாரம் இன்னொருவருடையது.

*

இந்த ஏற்பாடு உடைந்த இடம் சாலையில் எல்லோருக்கும் தெரிந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. டீசல் விலை ஏறியது, பல இடங்களில் கிடைக்கவேயில்லை. டிசம்பர் தொடக்கத்தில் பென்சில்வேனியாவில் 80ஆம் எண் நெடுஞ்சாலையில் ஜே. டபிள்யூ. எட்வர்ட்ஸ் என்ற ஓட்டுநர் டீசல் தீரும் நிலையில் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டார். சிபி ரேடியோவில் அவருக்கு 'ரிவர் ராட்' என்று பெயர். பின்னால் வந்தவர்களும் நிறுத்தினார்கள். ரேடியோவில் செய்தி பரவி, பல மாநிலங்களில் சாலைகள் அடைபட்டன. 1974 பிப்ரவரியில் பெரிய வேலைநிறுத்தம். 1979 ஜூனில் மறுபடியும்.

கோபத்தின் கணக்கு எளிது. டீசல் செலவு ஓட்டுநருடையது. சரக்குக் கட்டணத்தை நிர்ணயிப்பவர்கள் கேரியர்களும் ஆணையமும். டீசல் ஏறும்போது ஓட்டுநர் யாரிடமும் கூடுதலாகக் கேட்க முடியாது, ஏனென்றால் சரக்குக்காரரோடு ஒப்பந்தம் அவருக்குக் கிடையாது. அதோடு லீஸில் நடந்த சில்லறைக் கொடுமைகள் வேறு: கூலி எப்போது வரும் என்று தெரியாது, எதற்கென்று தெரியாமல் பிடித்தம் செய்வார்கள், முன்பணமாக வாங்கியதை விலகும்போது திருப்பித் தர மாட்டார்கள்.

1979இல் ஆணையம் லீஸ் விதிகளைத் திருத்தி எழுதியது. 'லீஸில் உண்மை' என்று இதைத் தொழிலில் அழைக்கிறார்கள். இன்று இது கூட்டாட்சி விதித் தொகுப்பின் 376ஆம் பகுதி. கூலி எவ்வளவு என்று லீஸில் எழுதியிருக்க வேண்டும். ட்ரிப்புக்கான காகிதங்களைக் கொடுத்த 15 நாளில் பணம் தர வேண்டும். பிடித்து வைத்த முன்பணத்தை லீஸ் முடிந்த 45 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். பொதுமக்களுக்கான இன்சூரன்ஸ் கேரியரின் கடமை என்று சொல்லிவிட்டு, மற்ற இன்சூரன்ஸை யார் எடுப்பது என்பதையும் லீஸில் எழுதச் சொல்கிறது. அந்த இடத்தில் உதாரணமாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுவது நம் மொட்டைவால் வண்டிக்கான 'பாப்டெய்ல் இன்சூரன்ஸ்'.

சரக்கு ஏற்றிய வண்டியைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. இறக்கிவிட்டு வெறும் தலையோடு வீட்டுக்குப் போகும்போது அது யார் வண்டி? கேரியருக்காக ஓடுகிறதா, ஓட்டுநருக்காகவா? நீதிமன்றங்களில் இதற்காக எத்தனையோ வழக்குகள் நடந்திருக்கின்றன.

*

1980 ஜூலை 1 அன்று அதிபர் கார்ட்டர் புதிய மோட்டார் கேரியர் சட்டத்தில் கையெழுத்திட்டார். பெரிய லாரி நிறுவனங்களின் சங்கமும் டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கமும் ஒன்றுசேர்ந்து எதிர்த்தன. முதலாளியும் தொழிலாளியும் ஒரே பக்கம் நின்றதிலிருந்தே பழைய ஏற்பாடு யாருக்கு வசதியாக இருந்தது என்பது தெரியும். டீம்ஸ்டர்ஸின் பயம் வீண்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்; அடுத்த ஆண்டுகளில் சங்கத்தின் பலமும் ஓட்டுநர்களின் சம்பளமும் இறங்கின.

புதிய சட்டத்துக்குப் பிறகு தொழிலில் நுழைவது எளிதானது. உரிமம் பெற்ற கேரியர்களின் எண்ணிக்கை பத்தே வருஷத்தில் இரண்டு மடங்குக்கு மேலாகி, 1990இல் 40,000ஐத் தாண்டியது. 1995 கடைசியில் மாநிலங்களிடை வணிக ஆணையத்தையே கலைத்துவிட்டார்கள். 2000 ஜனவரியிலிருந்து மோட்டார் கேரியர் பாதுகாப்பு நிர்வாகம் என்ற புதிய அமைப்பு. பெயரிலேயே மாற்றம் தெரிகிறது: பாதுகாப்பு. அரசு 'யார்' என்ற கேள்வியைத் தளர்த்திவிட்டு 'எப்படி' என்ற கேள்விக்குத் திரும்பியது.

அப்போ சொந்த வண்டிக்காரர் தானே அத்தாரிட்டி வாங்கிக்கொள்ளலாமே? வாங்கலாம். ஆனால் அதே 1980ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொன்றும் செய்தது. கூலிக்குச் சரக்கு ஏற்றும் கேரியருக்குக் குறைந்தபட்ச விபத்துப் பொறுப்புத் தொகையை நிர்ணயித்தது. சாதாரணச் சரக்கு ஏற்றும் கனரக வண்டிக்கு அது ஏழரை லட்சம் டாலர். அந்தத் தொகைக்குப் பாலிசி எடுக்க, புதிதாகத் தொழிலுக்கு வருபவர் கட்ட வேண்டிய ப்ரீமியத்தை நான் திரையில் தினம் பார்க்கிறேன். பழைய லாரி ஒன்றின் விலையில் பெரிய பங்கு அதற்கே போய்விடும். ஆணையத்தின் கதவு திறந்த பிறகு இன்சூரன்ஸின் கதவு குறுகலாக நிற்கிறது. ஆகவே புதிதாக லாரி வாங்கும் பலர் இன்றும் ஒரு கேரியரிடம் லீஸுக்குத்தான் போகிறார்கள்.

*

இப்போது இந்தியானாவுக்குத் திரும்புவோம். நம் ஆள் ஜார்ஜியாவுக்கு ஓட்டலாமா?

ஓட்டலாம், காலியாக ஓட்டினால். கூலிக்கு ஒரு பெட்டிகூட ஏற்றாதவரை சட்டம் அவரிடம் 'யார்' என்று கேட்பதில்லை; 'எப்படி' என்று மட்டும் கேட்கிறது. ஆனால் அந்த 'எப்படி'க்கு நிறைய காகிதம் வேண்டும்.

லைசென்ஸ் இருக்கிறது. அது 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் குழந்தை. அதற்கு முன் பல மாநிலங்களில் கார் லைசென்ஸ் வைத்துக்கொண்டே பதினெட்டுச் சக்கர லாரியை ஓட்டலாம். 1992 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க இந்தத் தனி லைசென்ஸ் கட்டாயமானது.

அடுத்தது பதிவு. ஒவ்வொரு மாநிலமும் தன் சாலைக்குத் தனித்தனியே பதிவு கேட்ட காலத்தில் லாரிகளின் முகப்பில் வரிசையாக நம்பர் பிளேட்டுகள் தொங்கும். 1973இல் தொடங்கிய பதிவு உடன்படிக்கை இதை மாற்றியது. ஒரு மாநிலத்தில் பதிந்தால் போதும், ஓடிய மைல் கணக்கில் கட்டணத்தை மாநிலங்கள் பிரித்துக்கொள்ளும். லீஸில் இருக்கும் வண்டிக்குப் பல சமயம் இந்தப் பிளேட் கேரியரின் பெயரில் வரும். நம்மவருக்கு இன்னும் கேரியர் இல்லை. ஆகவே தற்காலிகப் பிளேட்டோ, கடக்கும் மாநிலத்துக்கான ட்ரிப் பெர்மிட்டோ எடுக்க வேண்டும். பல மாநிலங்களில் ட்ரிப் பெர்மிட்டின் ஆயுள் 72 மணி நேரம். வழியில் ரேடியேட்டர் போய் ஒரு நாள் ஒர்க் ஷாப்பில் நின்றால் கடிகாரம் நிற்காது.

இந்த உடன்படிக்கையில் ஓர் அழகான பெயர் இருக்கிறது: 'ஹன்டர்ஸ் பெர்மிட்'. துப்பாக்கிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரு கேரியரை விட்டு விலகிய சொந்த வண்டிக்காரர், அடுத்த கேரியரைத் தேடிக் காலி வண்டியோடு போவதற்கான தற்காலிக அனுமதி இது. வேட்டைக்குப் போகிறவர் அவர்தான். இப்படி நடுவில் நிற்கும் மனிதர்களை மனதில் வைத்துப் பெயரிட்ட ஒரே காகிதம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு எரிபொருள் வரி. எந்த மாநிலத்தில் டீசல் போட்டாலும், ஓடிய மாநிலத்துக்கு வரி சேர வேண்டும். அதற்கான உடன்படிக்கையில் இன்னும் பதிவாகாதவர் தற்காலிக எரிபொருள் பெர்மிட் எடுக்க வேண்டியிருக்கும். இந்தியானாவிலிருந்து ஜார்ஜியாவுக்கு நேர்வழி கென்டக்கி, டென்னசி வழியாக. கென்டக்கி 60,000 பவுண்டும் அதற்கு மேலும் எடைப் பதிவுள்ள வண்டிகளிடம் மைல் கணக்கில் தனி வரியும் வாங்குகிறது. மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும் என்பதால், விவரம் தெரிந்த ஓட்டுநர்கள் சாவியைத் தொடுவதற்கு முன் நான்கு மாநில அலுவலகங்களுக்கும் போன் போட்டுவிடுவார்கள்.

கனரக வாகனச் சாலை வரி இன்னொன்று. 1956இல் நாடு தழுவிய நெடுஞ்சாலைகளைக் கட்டப் பணம் தேடியபோது பிறந்தது. இன்று 55,000 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கு, ஆண்டுக்கு அதிகபட்சம் 550 டாலர். எடையைக் கணக்கிடும்போது வழக்கமாக மாட்டும் டிரெய்லரையும் அதன் முழுச் சரக்கையும் சேர்த்துக்கொள்வார்கள். மொட்டையாக நிற்கும் தலைக்கும் ஏற்றாத சரக்கின் எடை உண்டு. நல்லவேளை, புதிதாக வாங்கியவருக்கு அவகாசம் தருகிறார்கள். வாங்கி 60 நாளுக்குள் என்றால் விற்பனைச் சீட்டைக் காட்டியே வண்டியைப் பதியலாம்.

கடைசியாக இன்சூரன்ஸ். மாட்டுவது இங்கேதான். கேரியரின் பாலிசி லீஸ் தொடங்கிய பிறகுதான் இவரைக் காக்கும். சொந்த வேலைக்கு ஓட்டும்போது காக்கும் பாலிசிகள் உண்டு, விலையும் குறைவு. ஆனால் அவை பொதுவாக ஏற்கெனவே ஒரு கேரியரிடம் லீஸில் இருப்பவருக்காக எழுதப்பட்டவை. படிவத்தில் அந்தக் கட்டம் ஏன் கட்டாயம் என்பது எனக்கு இங்கேதான் புரிந்தது. கேரியர் இல்லாத லாரிக்காரர் எந்தப் பெட்டியிலும் அடங்குவதில்லை. அவருக்குக் குறுகிய காலத்துக்கான தனிப் பொறுப்புப் பாலிசி வேண்டும். அதை எழுதும் முகவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். "கொஞ்ச நேர ஓட்டம்தானே" என்று அது இல்லாமல் கிளம்பி, டென்னசி மலைச் சரிவில் ஒரு காரை இடித்தால், எட்டு வருஷச் சேமிப்பும் வண்டியும் வீடும் ஒரே வழக்கில் போகும். அடிபட்ட காரில் இருந்த குடும்பத்துக்கும் முழுசாக எதுவும் கிடைக்காது.

சிலர் கண்ணாடியில் "வாடகைக்கு அல்ல" என்று எழுதி ஒட்டிக்கொண்டு கிளம்புவார்கள். கூட்டாட்சி விதிகளில் அப்படி ஒரு பலகை கேட்கப்படவில்லை. அதை ஒட்டியதால் எந்தக் காகிதமும் தேவையில்லாமல் போவதும் இல்லை. எடை நிலையத்தில் நிற்கும் அதிகாரி புன்னகைத்துவிட்டு விற்பனைச் சீட்டு எங்கே, இன்சூரன்ஸ் எங்கே என்றுதான் கேட்பார். வழியில் யாராவது "அப்படியே அட்லாண்டாவுக்கு ஒரு லோடு இருக்கு, டீசல் காசு தர்றேன்" என்று கூப்பிட்டால் போகக் கூடாது. அந்த டீசல் காசு கூலி. கூலி வாங்கிய நிமிஷத்தில் 1935 திரும்ப வந்துவிடும்.

இவ்வளவும் வேண்டாம் என்றால் ஒரு வழி இருக்கிறது. வண்டிகளை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ப்பதையே தொழிலாகக் கொண்ட கேரியர்கள் உண்டு. அவர்களிடம் சொன்னால், அவர்கள் ஓட்டுநரும் அவர்கள் அத்தாரிட்டியும் அவர்கள் இன்சூரன்ஸும் வரும். சட்டத்தின் கண்ணில் அந்தப் பயணத்தில் லாரிதான் சரக்கு.

*

இதெல்லாம் வெறும் அலுவலகத் தொல்லை என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காகிதங்கள் ஒவ்வொன்றும் யாரோ செத்ததற்கோ, யாரோ ஏமாற்றப்பட்டதற்கோ, யாரோ போராடியதற்கோ பதிலாக வந்தவை. பொறுப்பை யார் சுமப்பது என்பதற்கு ஒவ்வொரு தலைமுறையும் ஒரு பதில் எழுதி மேலே ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது.

பழைய கேள்வி முடியவும் இல்லை. இப்போது பல கேரியர்கள் தாங்களே லாரியைத் தவணையில் கொடுத்து, அதைத் திரும்பத் தங்களுக்கே லீஸுக்கு எடுத்துக்கொள்கின்றன. கடனும் கூலியும் ஒரே கையில். வேலையை விட்டால் லாரியும் போகும். 2019இல் நியூ பிரைம் நிறுவனத்துக்கும் ஒலிவெய்ரா என்ற ஓட்டுநருக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட ஓட்டுநர்களின் ஒப்பந்தத்தைப் பார்த்தது. காகிதத்தில் சுயதொழில் செய்பவர் என்று எழுதியிருந்தாலும், 1925ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்புச் சட்டம் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்குத் தந்த விலக்கு இவருக்கும் பொருந்தும் என்றது. பெயரில் ஓனர். ஆனால் எவ்வளவு தூரம் ஓனர்?

376ஆம் பகுதியில் எனக்குப் பிடித்த ஒரு சின்ன விதி உண்டு. கேரியர் வண்டியைத் தன் வசம் எடுக்கும்போது வண்டிக்காரருக்கு ஒரு ரசீது தர வேண்டும். அதில் எந்த வண்டி என்று தெளிவாக எழுதி, தேதியையும் நேரத்தையும் குறிக்க வேண்டும். அடுத்த திங்கட்கிழமை காலை, ஜார்ஜியாவில் ஏதோ ஒரு அலுவலகத்தில், நம்மவர் கையில் அந்த ரசீது வரும். 10 மணி 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முன் வரை விபத்து, வரி, டயர், வழி எல்லாம் அவர் பொறுப்பு. வண்டியும் முழுசாக அவருடையது. 10.41இலிருந்து கதவில் வேறு பெயர் இருக்கும், கூலி வரும், இன்சூரன்ஸ் காக்கும், எங்கே போக வேண்டும் என்று போனில் ஒருவர் சொல்வார்.

இந்தியானாவிலிருந்து அவர் ஓட்டி வந்த அந்தக் காலி மைல்களுக்கு ஒரு பைசா கூலி கிடையாது. ஆனால் தன் பெயருக்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு அவர் அந்த வண்டியை ஓட்டியது அப்போது மட்டும்தான்.